கப்ரிஃபோலியேசிக்குத் தமிழ்ப் பெயர்: ‘தேன்குழற்பூக் குடும்பம்’

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஹனிசக்கிள் கொடி அடங்கிய தாவரக் குடும்பமான கப்ரிஃபோலியேசிக்குத் தமிழில் இதுவரை ஆட்டிலைக் குடும்பம், தேன்கொடிக் குடும்பம், சடாமாஞ்சில் குடும்பம் என்று மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

‘ஆட்டிலை’ லத்தீனின் நேர்பெயர்ப்பு. காப்ரா ஆடு, ஃபோலியம் இலை. நம்மிடம் ஏற்கெனவே ஆடாதோடை ஒரு குடும்பத்திலும் ஆடுதின்னாப்பாளை இன்னொன்றிலும் இருக்கின்றன. இதுவும் சேர்ந்தால் மாணவர்கள் குழம்பித்தான் போவார்கள்.

‘தேன்கொடி’ காதுக்கு இனிமை. ஹனிசக்கிள் என்றதும் வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறும் ஜப்பானியக் கொடிதானே பலருக்கும் நினைவு வரும்? ஆனால் ஹனிசக்கிளின் பேரினமான லோனிசெராவிலேயே புதர்கள் ஏராளம். நீலகிரியில் வளரும் லோனிசெரா லெசனோல்டி கொடி, அங்கேயே உள்ள லோனிசெரா லிகுஸ்ட்ரினா புதர். குடும்பம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் வலேரியன், டிப்சாகஸ் போன்ற சிறுசெடிகளும் உண்டு. ஏறத்தாழ 860 இனங்களுக்கும் ‘கொடி’ என்று பெயர் சூட்டுவது சரியல்ல.

சடாமாஞ்சிலைச் சொன்னவரின் எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. சித்த மருத்துவத்தில் பழகிய பெயர், நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சிக்கல் வேறு இடத்தில். சடாமாஞ்சில் முன்பு வலேரியனேசி என்ற வலேரியன் குடும்பத்தில் இருந்தது. 2009-இல் வந்த, பூக்கும் தாவரங்களுக்கான ஏபிஜி 3 வகைப்பாடு வலேரியனேசி, டிப்சகேசி முதலானவற்றைக் கப்ரிஃபோலியேசிக்குள் சேர்த்தது. நாளை மறுபடி பிரித்தால் சடாமாஞ்சில் வலேரியனோடு போய்விடும், நாம் வைத்த பெயர் அந்தரத்தில் நிற்கும். எப்படிப் பிரித்தாலும் லோனிசெரா இந்தக் குடும்பத்தை விட்டுப் போகாது. கப்ரிஃபோலியம் என்பதே இப்போது லோனிசெராவுக்குள் அடங்கிய பழைய பேரினப் பெயர். ஆகவே தமிழ்ப் பெயரும் லோனிசெராவைப் பற்றியே நிற்க வேண்டும்.

அதன் பூவைப் பாருங்கள். இதழ்கள் ஒட்டி நீண்ட குழலாக இருக்கும். தேன் சுரப்பது அந்தக் குழலின் உட்புறம், அடிப்பகுதியில் உள்ள நுண்ணிய மயிர்களிலிருந்து. குடும்பத்தின் முக்கிய அடையாளங்களில் இது ஒன்று. முன்பு இதே குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த சாம்புகஸ், வைபர்னம் என்ற பேரினங்கள் இப்போது அடாக்சேசி என்ற வேறு குடும்பத்தில் இருக்கின்றன. அவற்றின் பூக்கள் பெரும்பாலும் விரிந்த தட்டையானவை, சூல்தண்டு குட்டை, குழலின் அடியில் இப்படிச் சுரக்கும் மயிர்களும் இல்லை. ‘தேன்குழல்’ என்றால் உள்ளே இருப்பவை எவை, வெளியே போனவை எவை என்பதையும் பெயரே ஓரளவு காட்டிவிடும். ஒரு கலைச்சொல்லிடம் இதைவிட வேறென்ன கேட்கப் போகிறோம்?

தேன்குழல் நம் வீட்டுப் பலகாரமாயிற்றே என்று கேட்பீர்கள். அதனால்தான் ‘பூ’ சேர்த்தேன். பேரினம் தேன்குழற்பூ, குடும்பம் தேன்குழற்பூக் குடும்பம். லோனிசெரா ஜப்பானிக்காவை ஜப்பானியத் தேன்குழற்பூ என்று சொல்லலாம். வலேரியானா, டிப்சாகஸ் இரண்டுக்கும் பேரினப் பெயர் தனியாகத் தேட வேண்டும்.

அப்புறம், புணர்ச்சி பற்றி ஒரு கேள்வி. பாடநூலில் ‘தேன்குழற்பூ’ என்றே எழுதலாமா, அல்லது தேடுபொறியில் எளிதாகக் கிடைக்க ‘தேன்குழல்பூ’ என்று விடலாமா? நான் முதலாவதன் பக்கம். இலக்கணம் நன்கு அறிந்தவர்கள் சொல்லுங்கள்.