ஆக்ஃபா க்ளிக் 3, பிரௌனி ஹாக்ஐ: எந்த பிளாக் அண்ட் ஒயிட் ரோல் போடலாம்?

பெட்டிக்கேமரா:

கையில் இரண்டு கேமரா. ஒன்று இந்தியாவில் தயாரான ஆக்ஃபா க்ளிக் 3. இது 120 ரோல் (பின்தாளோடு சுற்றி வரும் அகல ஃபிலிம்), 6×6 செ.மீ. அளவில் 12 படம். இன்னொன்று கோடாக் பிரௌனி ஹாக்ஐ ஃப்ளாஷ், 620 ரோல். இரண்டிலும் லென்ஸில் பூஞ்சை இல்லை, ஷட்டரும் அடிக்கிறது. கறுப்பு வெள்ளையில் ஐந்து ரோல் வாங்க நினைக்கிறேன். விசாரித்த இடத்திலெல்லாம் இல்ஃபோர்ட் ஹெச்பி5 400 போடச் சொல்கிறார்கள். பெட்டிக் கேமராவுக்கு அது சரிவருமா? 620 ரோல் கடையில் இல்லை; 120-ஐ அதில் போட வழி உண்டா? பின்பக்கச் சிவப்பு ஜன்னல் வழியாக வெளிச்சம் ஏறுமா? ஃபிலிமை வீட்டிலேயே கழுவப் (டெவலப் செய்ய) போகிறேன். குழாய்த் தண்ணீர் 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை.

வெள்ளியுப்பு:

ஹெச்பி5 நல்ல ஃபிலிம்தான். ஆனால் ஷட்டர் வேகத்தையும் அப்பர்ச்சரையும் (லென்ஸ் திறப்பு) திருகி மாற்ற முடிகிற கேமராவுக்குத்தான் அந்தப் பரிந்துரை பொருந்தும். உங்களுடைய இரண்டிலும் அந்த அளவுக்கு வசதி கிடையாது. அதனால் கேமரா எவ்வளவு வெளிச்சம் விடுகிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள், ஃபிலிம் அதற்கப்புறம்.

க்ளிக்கில் வெயில் குறியில் வைத்தால் திறப்பு ஏறத்தாழ எஃப் 11 (எஃப் எண் கூடினால் திறப்பு சிறுக்கும்), ஷட்டர் 1/30 நொடி. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஃபிலிம் வேகம்) 100 ஃபிலிமுக்கு எஃப் 11-இல் 1/200 போதும். ஆக, இரண்டே முக்கால் ஸ்டாப் ஓவர், அதாவது தேவைக்கு மேல் வெளிச்சம்; ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு. கறுப்பு வெள்ளை நெகடிவ் இதைத் தாங்கிக்கொள்ளும். அதே கேமராவோடு வானம் தெரிகிற நிழலுக்குப் போனால் வெளிச்சம் மூன்று ஸ்டாப் இறங்கும். அங்கே ஐஎஸ்ஓ 100 கச்சிதம். வெயில், நிழல் இரண்டும் ஒரே ரோலில் அடங்கிவிடுகிறது. 400 போட்டால் வெயிலில் நாலே முக்கால் ஸ்டாப் ஓவர். நெகடிவ் கரிக்கட்டையாக வரும். படம் அதில் இருக்கும், ஆனால் ஸ்கேனர் அதைத் துளைத்து எடுக்கத் திணறும். வெள்ளைச் சட்டை, வானம் எல்லாம் வெளிறிப்போகும்.

ஹாக்ஐ வேறு கதை. அதன் திறப்பு ஏறத்தாழ எஃப் 15, ஷட்டர் அதே 1/30 வாக்கில். வெயிலில் ஐஎஸ்ஓ 100 இரண்டு ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாகவே ஓவர், அதனால் கவலையில்லை. நிழலில் ஒரு ஸ்டாப் அண்டர், அதாவது வெளிச்சக் குறைவு, ஆகிவிடும். நெகடிவ் ஓவரைப் பொறுக்கும், அண்டரைப் பொறுக்காது; நிழல் பகுதியில் பதியாத விவரத்தை எந்த டெவலப்பரும் (படத்தை வெளிக்கொணரும் கரைசல்) கொண்டுவராது. எனவே ஹாக்ஐயை நிழலில் எடுக்கும் நாளுக்கு மட்டும் 400.

ஐந்து ரோல் என்றால் நாலு ரோல் 100 அல்லது 125 வேகம், ஒன்று ஹெச்பி5. முதல் தேர்வு இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ். காசு பார்த்தால் கென்ட்மியர் 100. அதுவும் இல்ஃபோர்ட் ஃபிலிம் செய்யும் அதே ஹார்மன் கம்பெனி சரக்கு, 120-இல் வருகிறது. செக் நாட்டு ஃபோமாபான் 100-உம் போடலாம், ஆனால் ஈரத்தில் அதன் எமல்ஷன் (படம் பதியும் பூச்சு) மெத்தென்று இருக்கும், விரல் நகம் பட்டாலே கீறல். உங்கள் தண்ணீர்ச் சூட்டுக்கு அதை இரண்டாம் இடத்தில் வையுங்கள்.

பழைய கையேட்டைப் பார்த்து ஃபிலிம் வேகம் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு ஒன்று. 1960-இல் ஏஎஸ்ஏ (ஐஎஸ்ஓவுக்கு முந்தைய அமெரிக்க ஃபிலிம் வேகம்) அளவுமுறையைத் திருத்தினார்கள். பழைய முறையில் கூடுதலாக வைத்திருந்த ஒரு ஸ்டாப் பாதுகாப்பு போனது. ஃபிலிம் மாறாமலே பெட்டியில் எண் இரட்டிப்பானது. அதற்கு முந்தைய கையேட்டில் 50 என்று போட்டிருந்தால் இன்றைய 100 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹைப்போ:

400-ஐ அவ்வளவு சுலபமா ஒதுக்கிட வேண்டாம் சார். ஊர்ல கிடைக்கிறது அதுதான்னா என்ன செய்வாங்க? என்டி 8 ஃபில்டரை (வெளிச்சத்தை மட்டும் குறைக்கிற சாம்பல் கண்ணாடி) லென்ஸ் முன்னாடி பிடிச்சா மூணு ஸ்டாப் குறையும். க்ளிக்ல வெயில்ல ஒண்ணே முக்கால் ஸ்டாப் ஓவர்னு வந்துடும், ஒரு குறையும் இல்லை. ஃபில்டர் இல்லைன்னா கழுவுற நேரத்தைக் குறைக்கணும். ஹெச்பி5-க்கு ஐடி-11 டெவலப்பரும் தண்ணியும் ஒன்றுக்கு ஒன்று கலவையில 20 டிகிரியில 13 நிமிஷம். ரோல் முழுக்க வெயில்ல எடுத்ததுன்னா அதுல கால் பங்கு வெட்டிடுங்க, வெளிறல் கொஞ்சம் அடங்கும்.

வெள்ளியுப்பு:

ஃபில்டர் யோசனை சரி. நேரத்தை வெட்டுவது ரோல் முழுக்க ஒரே வெளிச்சத்தில் எடுத்தால்தான் உதவும். 12 படத்தில் நாலு திண்ணை நிழல் என்றால் அந்த நாலும் சப்பையாகிவிடும்.

ஸ்பூல்காரர்:

620 விஷயம். ஃபிலிமும் பின்தாளும் 120, 620 இரண்டுக்கும் ஒன்றே. ஸ்பூல்தான் வேறு: 620-இன் நடுத்தண்டு மெலிசு, பக்கத்தட்டும் சிறிசு, சாவித் துளையும் சிறியது. நல்லவேளையாக ஹாக்ஐ ஃப்ளாஷில் ஃபிலிம் புறப்படும் பக்கத்தில் 120 ஸ்பூலே உட்கார்ந்துவிடும். சுற்றி ஏறும் பக்கம் மட்டும் 620 ஸ்பூல் கட்டாயம். சுற்றும்போது இறுகினால் வெளியே எடுத்து, தட்டின் விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் ஒரு சுற்று தேயுங்கள். தூளைத் துடைக்காமல் உள்ளே போட்டால் அத்தனையும் ஃபிலிமில் கோடாக விழும்.

மற்ற 620 கேமராக்களுக்கு மாற்றிச் சுற்றித்தான் ஆக வேண்டும். காலி 620 ஸ்பூல் இரண்டு வேண்டும். டார்க் பேக்குக்குள் (கை நுழைக்கிற, வெளிச்சம் புகாத பை) 120-ஐப் பிரித்து முதல் 620-இல் சுற்றுங்கள். இப்போது ரோலின் வால் வெளியே இருக்கும். அங்கிருந்து இரண்டாவது 620-இல் திரும்பச் சுற்றுங்கள். ஃபிலிமின் கட்டற்ற முனை வரும்போது அதைப் பின்தாளோடு சேர்த்து நேராக உள்ளே செருக வேண்டும், இல்லாவிட்டால் மடங்கிக்கொள்ளும். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் கடைசியில் வருகிறது. ஃபிலிமின் ஆரம்பம் தாளோடு டேப்பால் ஒட்டியிருக்கும். சுற்றின தளர்ச்சியெல்லாம் அந்த இடத்தில் வந்து மேடாகக் குவியும். அதை அப்படியே அமுக்கிச் சுற்றினால் முதல் படத்தில் மடிப்பு விழும். டேப்பை மெதுவாகத் தூக்கி, ஃபிலிமைத் தட்டையாக இழுத்துவிட்டு, மறுபடி ஒட்டுங்கள். வேகமாகப் பிய்த்தால் தீப்பொறி மாதிரி ஒரு வெளிச்சம் வரும், அதுவும் பதியும். காலியான முதல் 620 ஸ்பூலே கேமராவில் சுற்றி ஏறும் ஸ்பூல் ஆகிறது.

சிவப்பு ஜன்னல்: சிவப்பு ஒளி பதியாத ஆர்த்தோ ஃபிலிம் காலத்தில் வைத்த ஏற்பாடு அது. இன்றைய பான் ஃபிலிம்கள் சிவப்பையும் பார்க்கும். பின்தாள் பெரும்பாலும் காப்பாற்றும், ஆனால் வெயில் நேராக விழுந்தால் வட்டமாகவோ, ஓரத்தில் கசிவாகவோ புகை மாதிரிக் கருமை ஏறும். ஜன்னல் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, சுற்றும்போது மட்டும் உங்கள் உடம்பு நிழலில் திறங்கள். இல்ஃபோர்டில் எண் வருவதற்கு முன்பே புள்ளி வட்டங்கள் எச்சரிக்கும், எண்ணைத் தாண்டிப் போய்விட மாட்டீர்கள். கோடாக்கின் டி-மேக்ஸ் 100-உம் வேகத்தில் பொருத்தம்தான். ஆனால் பின்தாள் எழுத்து படத்தில் பதிகிறது என்ற புகாருக்குப் பிறகு கோடாக் தாளை மாற்றியது. இப்போது எண்கள் வெளிறி, மங்கின ஜன்னலில் தெரியவே தெரியாது. இல்ஃபோர்ட் ஆர்த்தோ பிளஸ் 80 போட்டால் ஜன்னல் பயம் குறையும், ஆனால் உதடும் சிவப்புச் சேலையும் கறுத்து விழும்.

பெட்டிக்கேமரா:

நன்றி. ஷட்டர் நிஜமாகவே 1/30 தானா என்று எப்படிப் பார்ப்பது? பழைய ஸ்டுடியோ சாமான்களோடு ஊட்டியில் தயாரான 'இந்து' பிராண்ட் பழைய 120 ரோல் இரண்டும் கிடைத்திருக்கிறது. அதைப் போடலாமா?

வெள்ளியுப்பு:

கேமரா பின்பக்கத்தைத் திறந்து விளக்குக்கு எதிரே வைத்து, மொபைலில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். லென்ஸ் வழியாக வெளிச்சம் தெரிகிற ஃபிரேம்களை எண்ணுங்கள். 8 வந்தால் 1/30. 12 வந்தால் 1/20, அரை ஸ்டாப்புக்குமேல் கூடுதல். எண்ணெய் காய்ந்த ஷட்டர் பெரும்பாலும் மெதுவாகத்தான் ஓடும். பத்துத் தடவை அடித்துவிட்டு அளந்தால் சரியான கணக்கு வரும்.

இந்து ரோல் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் சரக்கு; 1967-இல் உற்பத்தி தொடங்கின தொழிற்சாலை. அந்த ரோல்கள் வேகம் இழந்திருக்கும், அடிப்புகை (வெளிச்சம் படாமலே வரும் கருமை) ஏறியிருக்கும். 1/30-க்கு மேல் வெளிச்சம் கொடுக்க முடியாத க்ளிக்கில் அதற்கு உயிர் வராது. ஸ்பூல்காரர் சொன்ன சுற்று வேலையை வெளிச்சத்தில் பழக ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஹைப்போ:

தண்ணிச் சூடு பத்தி யாரும் சொல்லலை. எஃப்பி4-க்கு ஐடி-11 ஒன்றுக்கு ஒன்று, 20 டிகிரியில 11 நிமிஷம். 24-ல ஏழரையிலிருந்து எட்டு. 28-ல அஞ்சு நிமிஷத்தைத் தொட்டுடும்; அதுக்குக் கீழே போனா டெவலப்பர் ஊத்துற நேரமே கணக்கைக் கெடுத்து, திட்டுத்திட்டா வரும். அதனால 24-ஐ இலக்கா வைங்க. அகல டப்பில் தண்ணி ஊத்தி, கட்டின ஐஸ் பையைப் போட்டு, டெவலப்பர், அதை நிறுத்துற ஸ்டாப் பாத், படத்தை நிலைக்கவைக்கிற ஃபிக்ஸர் பாட்டில் மூணையும், கழுவுற தண்ணிக் குடுவையையும் அதுலேயே நிறுத்துங்க. ஐஸைக் கரைசலுக்குள்ள நேரா போடாதீங்க, கலவை நீர்த்துடும். நிறைய பேர் டெவலப்பரை மட்டும் குளிரவைச்சிட்டு, கடைசில 31 டிகிரி குழாய்த் தண்ணியில ஃபிலிமை நீட்டிடுவாங்க. எமல்ஷன் திடீர்னு உப்பிச் சுருங்கி, படம் முழுக்க வலைப்பின்னல் வெடிப்பு வரும், அது போகாது. எல்லாம் ஒன்றுக்கொன்று ரெண்டு டிகிரிக்குள்ள இருக்கணும்.

ரோலை ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தா ஃபாயிலைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வெளியில வைங்க. கேமராவுல போட்டதை மழைக்காலத்துல மாசக்கணக்கா விடாதீங்க. ஈரத்துல பின்தாள் எண்ணே ஃபிலிம்ல அச்சாகிடும்.