குடும்பக் குழு: மூணு ஏரியா, எதுல குடி போறது?

தீபா: எல்லாருக்கும் ஒரு கேள்வி. நானும் அருணும் மூணு ஏரியா வரைக்கும் சுருக்கிட்டோம். ஒண்ணு, கிழக்கே ஆத்தை ஒட்டின புது லேஅவுட். ரெண்டு, வடக்கே பைபாஸ் ஓரம் அடுக்குமாடி. மூணு, தெற்கே ரயில் லைன்ல கடைசிக்கு முந்தின ஸ்டேஷன். ரெண்டு பேர் ஆபீஸும் ஊருக்கு நடுவுலதான். ஞாயித்துக்கிழமை காலைல போய்ப் பார்த்தோம், மூணுமே 35 நிமிஷம். எதை எடுக்கலாம்?

கார்த்தி: முதல்ல அந்த ஞாயித்துக்கிழமை கணக்கைத் தூக்கிப் போடு 😄

கார்த்தி: மேப்ல "இத்தனை மணிக்குப் போய்ச் சேரணும்"னு நேரம் குடுக்கிற வசதி இருக்கு. செவ்வாயோ புதனோ, காலை 9:30-ன்னு குடு. "40 நிமிஷம் முதல் 1 மணி 10 நிமிஷம் வரை"ன்னு ரெண்டு எண் காட்டும். பெரிய எண்ணைத்தான் எடுத்துக்கணும். சராசரியை நம்பிக் கிளம்பினா பாதி நாள் லேட்டுதான். சாயங்காலம் 6:30-க்குத் திரும்புறதையும் தனியாப் பாரு, ரெண்டும் ஒண்ணா இருக்காது.

அருண்: ஒரு 20 நிமிஷம் கூடினா என்ன அண்ணா, பாட்டுக் கேட்டுக்கிட்டே போயிடலாமே.

கார்த்தி: போக 20, வர 20. ஒரு நாளைக்கு 40 நிமிஷம். வருஷத்துக்கு 240 வேலை நாள்னு வை, 160 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாப் பிரிச்சா 20 நாள். உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து 40. அவ்வளவு பாட்டு இருக்கா?

ராகவன் மாமா: கார்த்தி சொல்றது சரி. ஆனா அதுக்கும் முன்னாடி ஒண்ணு. ஜன்னலை மாத்தலாம், பெயின்ட்டை மாத்தலாம், வேணாம்னா வீட்டையே மாத்தலாம். தரைமட்டம், நிலத்தடித் தண்ணி, ஆபீஸ் தூரம் இந்த மூணையும் எவ்வளவு காசு கொட்டினாலும் மாத்த முடியாது. அதனால இந்த மூணுலதான் ஏரியாவைக் கழிக்கணும். பூங்கா, கடை, நுழைவாயில் அலங்காரம் எல்லாம் அப்புறம்.

ராகவன் மாமா: ஆத்தங்கரை லேஅவுட்டோட லொகேஷன் அனுப்பும்மா.

தீபா: 📍 அனுப்பிட்டேன் மாமா. இடம் நல்லா மேடா இருக்கு, புதுசா மண்ணடிச்சு உசத்தியிருக்காங்க.

ராகவன் மாமா: உசத்தியிருக்காங்கன்னாலே அங்க ஏதோ பள்ளம் இருந்திருக்குன்னுதானே அர்த்தம். கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த் போட்டு, பழைய படங்கள் காட்டுற கடிகாரக் குறியை அழுத்து. வருஷம் வருஷமாப் பின்னாடி போ. மழைக்காலம் முடிஞ்ச கையோட எடுத்த படமாத் தேடு. இன்னைக்கு மனை போட்டிருக்கிற இடத்துல கரும்பச்சையாவோ நீலமாவோ ஒரு திட்டு தெரிஞ்சா அது தண்ணி நிக்கிற இடம். அதோட டைம்லாப்ஸ்ல (வருஷா வருஷம் இடம் மாறுறதை ஓட்டிக் காட்டுற வசதி) 1984 வரைக்கும் போகலாம், படம் கொஞ்சம் மங்கலா இருந்தாலும் ஏரி, குளம் ஏதும் இருந்துச்சான்னு கண்டுபிடிச்சிடலாம். கீழ ஓரத்துல கடல்மட்ட உயரமும் காட்டும். அதுல சில மீட்டர் பிசகு வரும்கிறதால ஒரு இடத்தை இன்னொரு இடத்தோட ஒப்பிட மட்டும் வச்சுக்கோ.

பெரியப்பா: 🌹இனிய காலை வணக்கம்🌹

சுமதி அத்தை: அத்தான், மணி மதியம் ரெண்டு 😂

ராகவன் மாமா: நேர்ல போறப்ப புது வீட்டைப் பார்க்காதே. பக்கத்துத் தெருவுல இருக்கிற பழைய வீட்டைப் பாரு. வாசலுக்கு நாலு படி ஏறணுமா? தண்ணி மோட்டாரை இடுப்பு உயர மேடை கட்டி வச்சிருக்காங்களா? கேட் ஓரத்துல பலகை சொருக ரெண்டு பக்கமும் காடி வெட்டியிருக்கா? காம்பவுண்டு சுவர்ல ஒரே உயரத்துல பழுப்பா ஒரு கோடு ஓடுதா? வாயைத் திறந்து யார்கிட்டயும் கேட்க வேண்டாம், அந்தத் தெருவே சொல்லிடும்.

ராகவன் மாமா: எதிர்மாறாவும் இருக்கும். வீட்டுத் தரை ரோட்டை விடத் தாழ்ந்து கிடந்தா, பழைய தாரைச் சுரண்டி எடுக்காம மேலயே புதுசு போட்டுட்டு வந்திருக்காங்க. ஒரு தடவைக்கு 4-5 செ.மீ. ஏறும். அஞ்சு தடவைல முக்கால் அடி. அப்புறம் ரோட்டுத் தண்ணிக்கு வீட்டு வாசல்தான் வடிகால்.

அருண்: புரோக்கர் சொன்னார் மாமா, நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம் வந்தாத்தான் அங்க தண்ணி ஏறுமாம்.

ராகவன் மாமா: அந்தப் பேரே ஆளை ஏமாத்துற பேரு மாப்ளை. ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்புன்னுதான் அதுக்கு அர்த்தம். 30 வருஷ வீட்டுக் கடன்னு வச்சுக்கோங்க, அதுக்குள்ள ஒரு தடவையாவது வர்றதுக்கு 26 சதவீதம். நாலுல ஒண்ணு. அதுவும் பழைய மழைக் கணக்கை வச்சு. மேட்டுப் பக்கம் புதுசு புதுசாக் கான்கிரீட் போடப் போட, மண்ணுல இறங்க வேண்டிய தண்ணி மொத்தமும் ஒரே நேரத்துல பள்ளத்துக்கு வரும். வளர்ற ஊர்ல இந்தக் கணக்கு வருஷா வருஷம் மோசமாத்தான் ஆகும்.

ராகவன் மாமா: இன்னொண்ணு, லேஅவுட்ல மழைநீர் வடிகால் இருக்குன்னு காட்டுவாங்க. அது எங்க போய் முடியுதுன்னு நடந்து போய்ப் பாருங்க. வாய் ஆத்துக்குள்ள தாழ்வாத் திறந்திருந்தா, ஆத்துல தண்ணி ஏறின அன்னைக்கு வடிகால் வழியாவே உள்ள திரும்பி வரும். அந்த வாயில ஒருவழிக் கதவு இருக்கான்னு பாருங்க. இருந்தாலும் குப்பை சிக்கி மூடாம நிக்கும், அதையும் பார்க்கணும்.

தீபா: 😳 சரி, ஆத்தங்கரை பாதி போச்சு. பைபாஸ்?

கார்த்தி: பைபாஸ்ல ரெண்டு விஷயம். புகையும் சத்தமும். ரோட்டு விளிம்புல இருந்து முதல் 150-200 மீட்டர்லதான் வண்டிப் புகை ரொம்ப அதிகம், தள்ளத் தள்ளக் குறையும். ரோட்டோர வீட்டுக்கும் நாலு தெரு உள்ள இருக்கிற வீட்டுக்கும் அந்த வித்தியாசம் இருக்கு. சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2018-ல சொன்ன அளவு: ராத்திரில வீட்டுக்கு வெளிய சராசரி 45 டெசிபலுக்குள்ள. பைபாஸ் ஓரத்துல அது கனவு. போன் ஆப் துல்லியமா இருக்காது, ஆனா ரெண்டு இடத்தை ஒரே போன்ல அளந்தா எது மோசம்னு தெரிஞ்சிடும். 10 டெசிபல் கூடினா காதுக்கு ரெண்டு மடங்கு.

அருண்: எட்டாவது மாடி அண்ணா, அவ்வளவு கேட்காதுன்னு நினைச்சோம்.

கார்த்தி: கீழ் மாடிக்குச் சுவரும் மரமும் மறைக்கும். எட்டாவது மாடி அதுக்கு மேல தலையை நீட்டி ரோட்டை நேராப் பார்க்குது. ராத்திரி 11 மணிக்கு, லாரி ஓடுற நேரம், படுக்கையறைல பத்து நிமிஷம் ஜன்னலை மூடிட்டு நில்லுங்க. புரோக்கர் முனகுவார், முனகட்டும்.

கார்த்தி: அந்த அடுக்குமாடில இருந்து வெளிய வர எத்தனை வழி?

அருண்: சர்வீஸ் ரோடு ஒண்ணுதான்.

கார்த்தி: அதான். ஆயிரம் வீட்டுக்கு ஒரே வாய்ன்னா, காலைல கேட்டுல இருந்து பைபாஸைத் தொடவே கால் மணி நேரம் ஆகும். மேப் நேரம் ரோட்டுல இருந்துதான் ஆரம்பிக்கும், இந்தக் கால் மணி அதுல வராது.

தீபா: ஆனா அந்த ரோட்டை எட்டு வழியா அகலப்படுத்தப் போறாங்களாம். மெட்ரோவும் வருதாம்.

கார்த்தி: அகலப்படுத்தினா கொஞ்ச நாள் காலியா இருக்கும், அப்புறம் நிறைஞ்சிடும். டுராண்டன், டர்னர்னு ரெண்டு பொருளியல் ஆய்வாளர்கள் அமெரிக்க நகரங்களை வச்சு 2011-ல காட்டினாங்க: நெடுஞ்சாலை எத்தனை சதவீதம் கூடுதோ, ஏறக்குறைய அத்தனை சதவீதம் வண்டி ஓட்டமும் கூடுது.

பெரியப்பா: மெட்ரோ பத்தி நான் சொல்றேன். அறிவிப்பு, திட்ட அறிக்கை, நிதி ஒப்புதல், டெண்டர், தூண். இந்த வரிசைல டெண்டர் வரைக்கும் வராததுக்குக் காசு குடுக்காதே. விலைல மட்டும் அது ஏற்கெனவே ஓட ஆரம்பிச்சிருக்கும். தூண் எழும்பினாலும் கட்டி முடிக்கிற வரைக்கும் ரோடு பாதிதான்.

பெரியப்பா: நகரத் திட்ட அலுவலகத்துல நிலப் பயன்பாட்டு வரைபடம் கேட்டு வாங்கு. ஜன்னலுக்கு எதிர்ல இருக்கிற காலி இடம் என்ன வகைல போட்டிருக்கு? தொழிற்சாலையா, வணிகமா? அகலமான ரோடு ஒண்ணு திடீர்னு சுவர்ல முட்டி நிக்குதுன்னா, வரைபடத்துல அது அந்தப் பக்கம் புள்ளிக்கோடாப் போகும். அமைதியான தெருன்னு வாங்கினது ஒரு நாள் இணைப்புச் சாலை ஆயிடும்.

சுமதி அத்தை: அத்தான் இன்னைக்கு ஃபார்வர்டு இல்லாமப் பேசுறாரு 👏

சுமதி அத்தை: ஸ்கூல், ஆஸ்பத்திரி பத்தி ரொம்ப அலட்டிக்காதே தீபா. ஜனம் வந்தா கடையும் கிளினிக்கும் தானா வரும். ராத்திரி டாக்டர் இருக்கிற அவசரப் பிரிவு எவ்வளவு தூரம்னு மட்டும் பாரு. ஸ்கூல் பஸ் எந்தத் தெரு வரைக்கும் வரும்னும் கேளு, ஏன்னா பஸ்ல முதல் ஆளா ஏறுற குழந்தைதான் ஊரெல்லாம் சுத்தும். எனக்குப் பெரிய கவலை தண்ணிதான்.

ராகவன் மாமா: தண்ணிக்கு டிடிஎஸ் பேனா ஒண்ணு போதும்னு நினைக்கிறாங்க. அது கரைஞ்ச உப்பை மட்டும்தான் சொல்லும். 500-க்குள்ள நல்லது, 1000 தாண்டினா வாயிலயே வைக்க முடியாது. 300 காட்டுற தண்ணிலயும் கிருமி இருக்கலாம், நைட்ரேட் இருக்கலாம். புறநகர்ல செப்டிக் டேங்கும் போர்வெல்லும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், நைட்ரேட் வர்றது அந்த வழிலதான். அதுக்கு உலக சுகாதார நிறுவன வரம்பு லிட்டருக்கு 50 மி.கி. ஃப்ளோரைடுக்கு 1.5.

ராகவன் மாமா: லேப்ல குடுக்கிறப்ப அவங்க பாட்டில்லயே பிடிக்கணும். குழாயை ரெண்டு மூணு நிமிஷம் ஓட விட்டு, மூடியோட உள்பக்கத்தைத் தொடாமப் பிடி. ஐஸ் வச்சு, முடிஞ்சா ஆறு மணி நேரத்துக்குள்ள கொண்டு போய்ச் சேர்க்கணும். இல்லேன்னா கிருமி எண்ணிக்கை தப்பா வரும். வறட்சி உச்சத்துல இருக்கிறப்ப எடுத்த சாம்பிள்தான் உண்மை பேசும். வீடு பார்க்கிறப்ப ஷவர் ஓட்டையைப் பாரு, பாதி ஓட்டை வெள்ளையா அடைச்சிருந்தா கடினத் தண்ணி.

அருண்: அப்ப ரயில் ஸ்டேஷன் பக்கம்தானா? அங்கதான் வாடகை கம்மியும்கூட. ஸ்டேஷனுக்கு 800 மீட்டர்.

கார்த்தி: மேப்ல கோடு போட்ட 800-ஆ, நடக்கிற 800-ஆ? தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு இருந்து, மேம்பாலம் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தா, 800 ஒன்றரை கிலோமீட்டர் ஆயிடும். 800 மீட்டர் நடக்க 10 நிமிஷம். நடந்து பாருங்க, இருட்டினதுக்கு அப்புறம்.

கார்த்தி: அப்புறம் ரயில் எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணு? பத்துக்கு ஒண்ணுன்னா நேரம் பார்க்காமக் கிளம்பலாம். அரை மணிக்கு ஒண்ணுன்னா வாழ்க்கையே டைம்டேபிள்தான். கடைசி ரயில் எத்தனை மணி? அது போயிட்டா வேற என்ன வழி? கடைசிக்கு முந்தின ஸ்டேஷன்ல ஒரு லாபம், காலைல உட்கார இடம் கிடைக்கும்.

கார்த்தி: வாடகையைத் தனியாப் பார்க்காதீங்க. சிகாகோல சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜின்னு ஒரு அமைப்பு வச்சிருக்கிற அளவு: வீடு 30, போக்குவரத்து 15, ரெண்டும் சேர்த்து வருமானத்துல 45 சதவீதத்துக்குள்ள. வாடகை கம்மியான இடத்துல ரெண்டாவது வண்டி வாங்க வேண்டி வந்தா, மிச்சம் பிடிச்சது அதுலயே போயிடும்.

தீபா: சரி. ஆத்தங்கரை வேண்டாம். பைபாஸுக்கு ராத்திரி 11 மணி டெஸ்ட். தெற்கே செவ்வாய்க்கிழமை காலை 8-க்குப் போறோம், ரயில்லயே. எது ஆனாலும் முதல்ல வாடகை, மழையும் வெயிலும் ஒரு சுத்துப் பார்த்துட்டுத்தான் வாங்குறது.

ராகவன் மாமா: ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்துக்கு அடில ஒரு கல்வெர்ட் (தண்ணி போற சின்னப் பாலம்) இருக்கும். தண்ணி வந்த உயரம் உள்சுவர்ல தெரியும். டார்ச் எடுத்துட்டுப் போ, போட்டோ எடுத்து இங்க போடு.

தீபா: 👍 அருண்தான் குனியணும்.