எச்பிஏ1சி 5.7 தாண்டினால் பாதி நோயாளியா? வாட்ஸ்அப் படத்தை இங்கே பரப்புகிறவர்கள் பதில் சொல்லட்டும்

ஈசூன் வாசி
"எச்பிஏ1சி 5.7 தாண்டிவிட்டால் நீங்கள் பாதி நீரிழிவு நோயாளி. சிங்கப்பூரில் இதைச் சொல்ல மாட்டார்கள்." இப்படிச் சிவப்பு எழுத்தில் ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலையைச் சதவீத எண்ணாகக் காட்டும் ரத்தப் பரிசோதனை. நேற்று செந்தாழை அக்கா அதை இங்கேயும் போட்டு, "உண்மை, பகிருங்கள்" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. 5.7 அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் எல்லை. அங்கே 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு, 6.5 வந்தால் நீரிழிவு. நம் சுகாதார அமைச்சு 2019இல் எச்பிஏ1சியைப் பரிசோதனையில் சேர்த்தபோது வைத்த கணக்கு வேறு. 6.0 வரை நீரிழிவு இல்லை. 7.0 வந்தால் நீரிழிவு. நடுவில் 6.1 முதல் 6.9 வரை வந்தால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்வதில்லை, இன்னொரு ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். இதெல்லாம் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டதுதான். இதில் யார் எதை மறைத்தார்கள்?

செந்தாழை
"சொல்ல மாட்டார்கள்" என்ற வரி படம் செய்தவருடையது. 5.7 என்பது நான் ஏற்றுக்கொண்டது, அதிலிருந்து நகர மாட்டேன். 5.7இல் சர்க்கரை ஏறத் தொடங்கிவிட்டது. அப்போதே சொன்னால் ஒரு மனிதர் தேநீரில் சீனியைக் குறைப்பார், சாப்பிட்டபின் நடப்பார். 6.0 வரைக்கும் "இல்லை" என்றால் காலையில் பிராட்டா, இரவில் பிராட்டா. உடல் எடைக் குறியீட்டுக்கு உலகளவில் 25 என்கிறார்கள். நாம் 23இலேயே எச்சரிக்கிறோம், ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது என்று. எடைக்கு அமெரிக்காவைவிடக் கண்டிப்பு, எச்பிஏ1சிக்கு மட்டும் தளர்வா? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஈசூன் வாசி
அக்கா, 23 பஞ்சாயத்து போன வருடமே நடந்தது. அப்போதும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. 23 ஆபத்தைக் காட்டும் எண். அதை வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பதில்லை. உங்கள் படமோ "பாதி நோயாளி" என்று பட்டமே கட்டுகிறது.

அப்புறம், எச்பிஏ1சி நேரடியாகச் சர்க்கரையை அளப்பதில்லை. சிவப்பணுவில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையைத்தான் அளக்கிறது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். இரும்புச்சத்து குறைந்திருந்தால் சர்க்கரை மாறாமலேயே எண் ஏறலாம். ரத்த இழப்புக்குப் பிறகோ, சிவப்பணு சீக்கிரம் அழியும் ரத்தக் கோளாறிலோ எண் பொய்யாக இறங்கும். இரும்புச்சத்து குறைந்த ஒரு பெண்ணுக்கு 5.8 வருகிறது என்று வையுங்கள். உங்கள் படத்தைப் பார்த்து அவர் சோற்றை விடுவார். இரும்பைப் பற்றி யார் கேட்பார்கள்?

புளோக் 214
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். யூடியூபில் சென்னை டாக்டர் "வெறும் வயிற்றில் 100க்குக் கீழே" என்கிறார். இங்கே காகிதத்தில் 5.9 என்று வருகிறது. அதே காகிதத்தில் எச்பிஏ1சி 6.4. இரண்டும் ஒரே அளவா? எதை எதோடு ஒப்பிடுவது?

ஈசூன் வாசி
தம்பி, நீங்கள் கேட்டதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சென்னைக்காரர் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறார், நம் காகிதம் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று வருகிறது. மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம். 7.0 என்பது 126, 6.1 என்பது 110, 5.9 என்பது 106. இங்கே வெறும் வயிற்றில் 6.0 வரை சரி, 6.1 முதல் 6.9 வரை முன்நீரிழிவு, 7.0 வந்தால் நீரிழிவு. ஆக 106 இங்கே எல்லைக்குள். அமெரிக்கர்கள் அந்தக் கீழ் எல்லையை 2003இல் 110இலிருந்து 100க்கு இறக்கினார்கள். காணொளியில் வரும் 100 அங்கிருந்து வந்தது.

எச்பிஏ1சி 6.4 என்பது சதவீதம். வெறும் வயிற்று எல்லையும் 6.1, 6.9, 7.0 என்றே இருப்பதால் பாதிப் பேர் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். 6.4 சதவீதம் என்றால் சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய 7.6 மில்லிமோல். சாப்பாட்டுக்குப் பின் ஏறுவதும் அந்தச் சராசரியில் சேரும். அதனால் ஒரே காகிதத்தில் 5.9ம் 6.4ம் வருவதில் முரண்பாடு இல்லை.

கல்லாங் நதி
எல்லாரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். மக்கள் ஏன் வாட்ஸ்அப்புக்குப் போகிறார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? ரத்த முடிவு பல நேரம் இரவில் ஹெல்த்ஹப் என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் வந்து விழுகிறது. டாக்டரைப் பார்க்க இன்னும் ஒரு வாரம் இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறி. படுக்கையில் கிடந்தபடி தேடுவார்கள். ஆங்கிலத்தில் தேடினால் அமெரிக்கா, தமிழில் தேடினால் தமிழ்நாட்டுக் காணொளி. இங்கே பெரியவர்கள் "இனிப்பு நீர்" என்பார்கள், அரசாங்கக் காகிதத்தில் "நீரிழிவு", காணொளியில் "சுகர்". அவர்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்கள்?

செந்தாழை
கல்லாங் சொன்னதுதான் சரி. அந்த ஒரு வாரம் காத்திருக்க முடியாதவருக்கு என் படம் உதவுகிறது. சந்தேகம் இருந்தால் கருவி வாங்கி வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்கட்டும்.

ஈசூன் வாசி
விரலில் குத்தி நோயைக் கண்டுபிடிக்க முடியாது அக்கா. அந்தக் கருவிகளுக்கு உலகத் தரமே 15 சதவீதம் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. உண்மையில் 7.0 இருந்தால் கருவி 6.0 என்றும் காட்டலாம், 8.0 என்றும் காட்டலாம். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் பழச்சாறு துளியில் கலந்து எண் எகிறும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். பிழிந்து பிழிந்து எடுத்தால் திசுநீர் கலந்துவிடும். ரத்தத் துளி வைக்கும் சோதனைப் பட்டைகளின் டப்பாவை மூடாமல் வைத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் பட்டை கெட்டுப்போகும். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர் தன் அளவைக் கவனிக்க அது கருவி.

செந்தாழை
சுற்றிச் சுற்றி அதேதான். 5.7க்கு இன்னும் பதில் வரவில்லை.

ஈசூன் வாசி
வந்தது. 5.7 அமெரிக்க எல்லை. நம் காகிதத்துக்கு நம் எல்லை.

புளோக் 214
அண்ணே, 6.4 வந்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

ஈசூன் வாசி
பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) குடும்ப மருத்துவரிடமோ காகிதத்தைக் காட்டி, "அடுத்த பரிசோதனை எது?" என்று கேளுங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பது ஒரு வழி. இன்னொன்று, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை 5 நிமிடத்துக்குள் குடித்து, 2 மணி நேரம் கழித்து எடுப்பது. 7.8க்குக் கீழே என்றால் சரி. 7.8 முதல் 11.0 வரை முன்நீரிழிவு, 11.1 வந்தால் நீரிழிவு. அந்த 2 மணி நேரமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும், கடைக்குப் போய் நடந்துவிட்டு வரக்கூடாது. முந்தைய 3 நாளும் சோறு, ரொட்டி எல்லாம் வழக்கம்போலச் சாப்பிட வேண்டும். படத்தைப் பார்த்துப் பயந்து சோற்றை நிறுத்திவிட்டுப் போனால் எண் பொய்யாக ஏறும். காலையில் பச்சைத் தண்ணீர் மட்டும். சீனி போடாத கோப்பியும் கூடாது.

கல்லாங் நதி
சீனி போடாத கோப்பியில் என்ன சர்க்கரை இருக்கிறது?

ஈசூன் வாசி
காஃபின் சர்க்கரை அளவை மாற்றக்கூடியது.

கல்லாங் நதி
மருந்தகத்தில் எல்லாரிடமும் இதைச் சொல்வதில்லையே. தமிழில் ஒரு காகிதம் அச்சடித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

செந்தாழை
அதைத்தான் நானும் சொல்கிறேன். அவர்கள் தராததை நான் தருகிறேன். படத்தை எடுக்க மாட்டேன்.

ஈசூன் வாசி
எடுக்க வேண்டாம். "இது அமெரிக்க எல்லை" என்று ஒரே ஒரு வரி கீழே சேருங்கள், போதும்.

செந்தாழை
5.7 எந்த ஊரிலும் 5.7தான்.

ஈசூன் வாசி
எண் ஒன்றுதான். அதற்கு வைக்கும் பெயர் ஊருக்கு ஊர் வேறு. எத்தனை தடவை சொல்வது?

புளோக் 214
6.4க்கு மறுபரிசோதனைக்கு எத்தனை மணி நேரம் பட்டினி, அதை யாரும் சொல்லவில்லையே?

ஈசூன் வாசி
குறைந்தது 8 மணி நேரம். இரவு 10க்குச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் காலை 8க்குப் போங்கள்.

செந்தாழை
5.8 வந்தவர் எங்கே போவது? அதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.