பெரிய வீடு குழுவில் ஐயாவின் கூட்ஸ் பெட்டி

சோலை: எல்லோருக்கும் வணக்கம். நேற்று ராத்திரியே சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டோம். ஐயாவின் எண்பது வயது விசேஷத்துக்கு வளவு முற்றத்தில் கண்ணனின் பொம்மை ரயிலை ஓட விடலாம் என்று இருக்கிறோம். பினாங்கிலிருந்து வந்த பழைய பொம்மைக் கூட்ஸ் பெட்டியையும் அதில் கோக்கச் சொல்லி ஐயாவே கேட்டார்கள். அது தண்டவாளத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறது. சித்தப்பா, கொஞ்சம் பாருங்கள்.

சிகப்பி அய்த்தை: எந்தப் பெட்டி

சோலை: பச்சைத் தகரம், நாலு சக்கரம். ஒரு கதவு இல்லை.

சிகப்பி அய்த்தை: கதவைப் பிடுங்கியது ராமநாதன்தான்

ராமநாதன் சித்தப்பா: சிகப்பி ஆச்சி, எனக்கு அப்போது நாலு வயது.

சிகப்பி அய்த்தை: அடி வாங்கியது நான்

வள்ளி ஆச்சி: பல்லவன் எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் 14. கிடைக்குமா?

அழகப்பன் பெரியப்பச்சி: கிடைக்கும்.

வள்ளி ஆச்சி: போன தடவையும் இதையேதான் சொன்னீர்கள். விழுப்புரம் வரை நின்றுகொண்டு வந்தேன்.

ராமநாதன் சித்தப்பா: சோலை, பெட்டியைத் திருப்பி அடியைப் பார். ஹார்ன்பி என்று பொம்மை ரயில் கம்பெனிப் பெயர் இருக்கும். அது ஓ கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் 32 மில்லிமீட்டர். கண்ணனுடையது டபுள் ஓ, 16.5 தான், ஏறக்குறையப் பாதி. போட் மெயில் ரயில் மீட்டர் கேஜில் ஓடிய காலத்தில் அதன் பெட்டியை அப்படியே தூக்கி பிராட் கேஜில் வைக்க முடியுமா? 1000 மில்லிமீட்டர் எங்கே, 1676 எங்கே. இங்கே கதை தலைகீழ். அகலத்தில் ஓடியதை ஒடுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். சக்கரம் தண்டவாளத்துக்கு வெளியே தரையில் நிற்குமே?

சோலை: ஆமாம் சித்தப்பா, அப்படித்தான் நின்றது.

அழகப்பன் பெரியப்பச்சி: அதை நான் காலையில் சரிசெய்துவிட்டேன். ஒரு ஜோடிச் சக்கரத்தை அச்சிலேயே உள்பக்கம் தள்ளித் தட்டினேன். அந்த ஜோடி ஏறிவிட்டது. ஆனால் என்ஜின் நின்றுபோனது.

சிகப்பி அய்த்தை: எதால் தட்டினீர்கள் அண்ணே

அழகப்பன் பெரியப்பச்சி: அரிவாள் முதுகால். மெதுவாகத்தான்.

சிகப்பி அய்த்தை: 🙏

வள்ளி ஆச்சி: பெட்டகப் பூட்டும் இப்படித்தான் போனது.

அழகப்பன் பெரியப்பச்சி: அந்தப் பூட்டு ஏற்கெனவே கெட்டிருந்தது.

ராமநாதன் சித்தப்பா: அண்ணே, இனிமேல் தொடாதீர்கள். என்ஜின் ஏன் நின்றது என்று கேளுங்கள். கண்ணன் ரயிலுக்கு 12 வோல்ட் கரண்ட் தண்டவாளம் வழியாகத்தான் வருகிறது. ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். பழைய பெட்டியில் சக்கரமும் உலோகம், அச்சும் உலோகம். இந்தச் சக்கரத்தில் ஏறி அச்சு வழியாக அந்தச் சக்கரத்தில் இறங்கிவிடும், நேராக ஷார்ட். அந்தக் காலத்துச் சாவி கொடுக்கிற என்ஜினுக்குக் கரண்டே கிடையாது, அதனால் யாரும் கவலைப்படவில்லை. இப்போது வருகிற சக்கரத்தில் நடுவில் பிளாஸ்டிக் இருக்கும்.

சோலை: ஓ. கரண்ட் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது அதனால்தானா?

ராமநாதன் சித்தப்பா: அதேதான். இன்னொன்று, பழைய சக்கரத்தின் விளிம்பு ஆழம் அதிகம். தண்டவாள உயரமே இரண்டரை மில்லிமீட்டர்தான். விளிம்பு குறுக்குக் கட்டைகளில் இடித்துத் தடதடக்கும். ஆகையால் தகரத்தில் கையே வைக்க வேண்டாம். கண்ணன் செட்டில் மூன்று பெட்டி இருக்கிறதல்லவா, ஒன்றின் மேல்கூட்டைக் கழற்று. அடிச்சட்டத்தைச் சக்கரத்தோடு அப்படியே எடுத்துப் பினாங்குப் பெட்டியின் வயிற்றில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டு. பழைய அச்சுகளைக் கழற்றி ஒரு டப்பாவில் பத்திரப்படுத்து, நாளைக்கு யாராவது கேட்பார்கள். பெட்டி அகலம், கால் ஒடுக்கம், முக்காலிமேல் பெட்டகம் வைத்த மாதிரி ஆடும். அடிச்சட்டத்தில் நாலு இரும்பு வாஷர் ஒட்டினால் நிற்கும். வளைவில் ஆரம் 438 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள். சக்கரங்களின் உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு 14.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

வள்ளி ஆச்சி: சித்தப்பா, இதைப் படிப்பதற்குள் என் டிக்கெட்டே கன்ஃபர்ம் ஆகிவிடும்.

சிகப்பி அய்த்தை: கவுனி அரிசி எத்தனை கிலோ சொல்லியிருக்கிறது? போன விசேஷத்தில் கடைசிப் பந்திக்குக் கிடைக்கவில்லை

அழகப்பன் பெரியப்பச்சி: சமையல்காரர் பார்த்துக்கொள்வார்.

சிகப்பி அய்த்தை: போன தடவையும் அவர்தானே பார்த்துக்கொண்டார்

சோலை: சித்தப்பா, ஒரு சிக்கல். மூன்று பெட்டியில் எதையும் பிரிக்கக் கண்ணன் விடமாட்டேன் என்கிறான். நீலப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

ராமநாதன் சித்தப்பா: பழுப்புப் பெட்டி?

சோலை: அதில் அவனுடைய யானை இருக்கிறதாம்.

வள்ளி ஆச்சி: சரியான நம் வீட்டுப் பிள்ளை. பங்கு தரமாட்டான்.

அழகப்பன் பெரியப்பச்சி: பங்குப் பேச்சு இங்கே வேண்டாம்.

சிகப்பி அய்த்தை: பேச்சு வேண்டாம் சரி, இரண்டாம் கட்டுச் சாவி யாரிடம்? பாத்திரம் எல்லாம் உள்ளே இருக்கிறது

(பெரியப்பச்சி படித்துவிட்டார். பதில் இல்லை.)

சோலை: ஐயாவிடமே கேட்டேன். அவர்கள் சொன்னதை அப்படியே போடுகிறேன்: "தண்டவாளமா? எங்கப்பச்சி பெட்டியை மட்டும்தான் வாங்கியாந்தாக. சணலைக் கட்டிப் பட்டாலையில இழுப்பேன். ஆத்தங்குடிக் கல்லுல வழுக்கிக்கிட்டு ஓடும்."

வள்ளி ஆச்சி: 😂😂

சிகப்பி அய்த்தை: ஆமாம், சணல்தான். நானும் இழுத்திருக்கிறேன்

ராமநாதன் சித்தப்பா: சணலெல்லாம் சரி. ஆனால் ஐயா கோக்கச் சொன்னது ரயிலோடு. திருச்சியில் பழைய டபுள் ஓ அடிச்சட்டம் ஒன்று கிடைக்குமா என்று பார்க்கிறேன். சோலை, பெட்டியின் நீளத்தை அளந்து அனுப்பு. அண்ணே, தட்டின ஜோடியைப் பழையபடி வெளியே இழுத்து வையுங்கள், கையால்.

அழகப்பன் பெரியப்பச்சி: வரவில்லை. இறுகிவிட்டது.

ராமநாதன் சித்தப்பா: அரிவாளை எடுக்காதீர்கள். நான் சனிக்கிழமை வருகிறேன்.

வள்ளி ஆச்சி: வெயிட்டிங் லிஸ்ட் 11.

சிகப்பி அய்த்தை: சாவி?