தனியாகச் செபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. உங்களுக்கும் இப்படியா?

கேள்வி: காரைக்குடி பலகாரக்காரி

எல்லாருக்கும் வணக்கம். நான் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே கத்தோலிக்கம்தான். காரைக்குடியில் ஒரு பழைய செட்டியார் வீட்டின் இரண்டாம் கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஆர்டர் எடுத்துப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, கல்யாண சீசன் வந்தால் அதிரசம்.

ராத்திரி மாமியார் செபமாலை சொல்ல, நாங்கள் பதில் சொல்வோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிறு பூசையிலும் மனசு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. தனியாக உட்கார்ந்தால்தான் ஒன்றும் ஓடுவதில்லை. "ஆண்டவரே" என்று தொடங்குவேன், அடுத்த நினைப்பு "உளுந்து வறுத்தாச்சா" என்று போய்விடும். சிரிக்காதீர்கள். கடைசியில் கர்த்தர் கற்பித்த செபம் ஒன்று, அருள் நிறைந்த மரியே ஒன்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

சமீபத்தில் தோழி ஒருத்தி செபக்கூட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போனாள். மனப்பாடமாகச் சொல்வதெல்லாம் வெறும் உதட்டுச் செபம், சொந்த வார்த்தையில் பேசத் தெரியாதவர்களுக்கு ஆண்டவரோடு உறவே கிடையாது என்று அங்கே பேசியவர் அடித்துச் சொன்னார். அதிலிருந்து செபமாலையைக் கையில் எடுத்தாலே உறுத்துகிறது.

அப்புறம் இடப் பிரச்சினை. பைபிளில் மத்தேயு 6-ல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செபிக்கச் சொல்கிறார் ஆண்டவர். எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வளவு, அதாவது உள்முற்றம், எவ்வளவு பெரிதோ அறை அவ்வளவு சின்னது. பகலில் நான் கதவைச் சாத்தினால் "என்னம்மா, மேலுக்கு முடியலையா?" என்று உடனே தட்டுவார்கள். நீங்களெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில்: கல்லல் தம்பி

அக்கா, நான் பெந்தெகொஸ்தே சபை. அந்தக் கூட்டத்தில் பேசியவர் சொன்னதில் பாதி சரி. வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். நான் காலையில் கல்லலிலிருந்து காரைக்குடிக்கு டூவீலரில் வேலைக்கு வருகிறவன். வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் கர்த்தரோடுதான் பேச்சு. வண்டித் தவணை, தங்கச்சிக்கு வரன், முதலாளியின் கோபம், எதையும் விடுவதில்லை. பக்கத்து வண்டிக்காரர் நான் போனில் பேசுகிறேன் என்று முறைப்பார். பிலிப்பியர் 4:6-ல் "எல்லாவற்றையுங்குறித்து" என்றுதானே இருக்கிறது? மனசு உளுந்துக்குப் போனால் உளுந்தைப் பற்றியே சொல்லுங்கள்.

ஆனால் மனப்பாட ஜெபம் வேண்டாம் அக்கா. "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று அதே மத்தேயு 6-ல் போட்டிருக்கிறது.

பதில்: தேவகோட்டை வாத்தியார்

உளுந்து விஷயத்தில் தம்பி சொன்னது அருமை. கடைசி வரியில்தான் அவரோடு சண்டை. வீண்வார்த்தை வேண்டாம் என்பது 7-ஆம் வசனம். 9-ஆம் வசனத்தில் ஆண்டவரே கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லிக் கொடுக்கிறாரே தம்பி, அதை என்ன செய்வது? கெத்சமனியில் அவர் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் செபித்தார் என்கிறது மத்தேயு 26:44. சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறினாரே, அது பழைய ஏற்பாட்டில் உள்ள 22-ஆம் திருப்பாடலின் (சங்கீதத்தின்) முதல் வரி. உயிர் போகிற நேரத்தில் அவர் வாயில் வந்தது ஏற்கெனவே இருந்த ஒரு செபம்.

அம்மா, உங்களைப் போல ஒருவர் 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினிலும் இருந்தார். வயதான துறவி. தியானமெல்லாம் தனக்கு வரவே இல்லை, வாய்ச் செபம்தான் சொல்லத் தெரிகிறது என்று புனிதை அவிலா தெரேசாவிடம் வந்து வருத்தப்பட்டார். விசாரித்துப் பார்த்த தெரேசா, அந்த அம்மாள் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லிக்கொண்டே மிக ஆழமான தியானத்தில் இருக்கிறார் என்று கண்டு எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தெரேசாவே, செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று சில வருஷம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவர். 1970-ல் திருச்சபை அவருக்கு மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கும் பேராசான், என்ற பட்டம் கொடுத்தது. உறவே கிடையாது என்று தீர்ப்புச் சொன்னவரை இந்த வரிசையில் எங்கே நிறுத்துவது என்று நீங்களே பாருங்கள்.

என் கதை ஒன்று. என் மனைவி மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொந்த வார்த்தை எதுவும் எனக்கு வரவில்லை. வந்ததும் சொல்லக்கூடியதாக இல்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தாய்" என்று தொடங்குவேன். "உமது திருவுளம்" வரும்போது நாக்கு நின்றுவிடும். அந்த வரியைத் தாண்டி "எங்கள் அன்றாட உணவை" என்று போய்விடுவேன். அவள் போன பிறகும் வெகுநாள் அப்படித்தான். மனப்பாடமாகத் தெரிந்த செபம் என்பதால்தான் நான் எந்த இடத்தில் அவரோடு முரண்டுபிடிக்கிறேன் என்று தெரிந்தது. சொந்த வார்த்தையில் செபித்திருந்தால் அந்த இடத்தைச் சாமர்த்தியமாகச் சுற்றிக்கொண்டு போயிருப்பேன். 88-ஆம் திருப்பாடலை அப்போதுதான் கண்டுபிடித்தேன். மற்ற புலம்பல் பாடல்களில் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரி எட்டிப் பார்க்கும். இது இருட்டிலேயே முடிகிறது. அதையும் செபப் புத்தகத்தில்தானே வைத்திருக்கிறார்கள்?

இடம் பற்றிக் கேட்டீர்கள். மாற்கு 1:35-ல் ஆண்டவர் இருட்டோடு எழுந்து தனிமையான இடத்துக்குப் போகிறார். அடுத்த வசனத்திலேயே சீடர் சீமோன் தேடிக்கொண்டு போய், "எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்" என்று நிற்கிறார். அவருக்கே கதவைத் தட்டியிருக்கிறார்கள்! பழைய ஏற்பாட்டில் பிள்ளை வரம் கேட்ட அன்னா, சீலோ ஆலயத்தில் செபித்தபோது உதடு மட்டும்தான் அசைந்தது. குடித்திருக்கிறாள் என்று ஆலயக் குருவே நினைத்துவிட்டார்.

என் யோசனை: நீளமாக வேண்டாம். 13-ஆம் திருப்பாடல் ஆறே வசனம். ஒரு வசனம் சொல்லுங்கள், எங்கே தைக்கிறதோ அங்கேயே நில்லுங்கள். தேன்குழல் பிழியும் நேரத்துக்கு, லூக்கா 18-ல் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், சொன்ன "பாவி என்மேல் இரங்கியருளும்" போதும். கீழைத் திருச்சபைத் துறவிகள் அதையொட்டிய ஒரே வரியை நாள் முழுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: நைட் டூட்டி

நான் நர்ஸ். என் செபத்தில் எனக்கென்று கேட்பது குறைவு, வார்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். அக்கா, முடிந்தால் ஒரு நாள் சருகணிக்குப் போய்வாருங்கள். 1973-ல் இறந்த லூயி லெவே சாமியின் கல்லறை அங்கே இருக்கிறது. பிரான்ஸிலிருந்து வந்த இயேசு சபைச் சாமி, நற்கருணை முன்னால் மணிக்கணக்காக இருப்பார் என்று எங்கள் பாட்டி சொல்லும். நான் போனால் அங்கே ஒன்றும் பேசுவதில்லை, சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன்.

பதில்: காரைக்குடி பலகாரக்காரி

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, அந்த ஆஸ்பத்திரி விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

விடியற்காலை அடுப்புப் பற்றவைக்கும் முன் கர்த்தர் கற்பித்த செபத்தை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல" என்ற இடத்தில் நின்றுவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் பலகாரத்தை வாங்கிக்கொண்டு இன்னும் பாக்கி தரவில்லை. மன்னிக்க நான் தயார், ஆனால் பணம் எனக்கு வேண்டும். இப்படியே அவரிடம் சொல்லலாமா?

பதில்: தேவகோட்டை வாத்தியார்

தாராளமாகச் சொல்லுங்கள் அம்மா. லூக்கா 18-ல் நடுவரை விடாமல் நச்சரித்த கைம்பெண்ணைப் பற்றி ஆண்டவர் நல்லபடியாகத்தான் பேசியிருக்கிறார். சொல்லிவிட்டு அந்தக் கல்யாண வீட்டுக்கும் ஒரு போன் போடுங்கள்.

பதில்: கல்லல் தம்பி

வாத்தியார் சார், 9-ஆம் வசனத்துக்கு என்னிடம் பதில் இருக்கிறது, ராத்திரி எழுதுகிறேன். அக்கா, தீபாவளிக்கு மனகோலம் கிலோ என்ன விலை?