காலுக்குள் இருக்கும் பிளேட் வலிக்கிறது, எடுத்துவிடலாமா?

தலவாக்கலை_மகள்:

அம்மாவுக்காகக் கேட்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு 47 வயது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். இரண்டு வருஷம் ஆகப்போகிறது, மழை நேரத்தில் கூடையோடு மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கும்போது வடிகான் ஓரம் வழுக்கி வலது கணுக்கால் இரண்டு பக்கமும் உடைந்துவிட்டது. ஒபரேஷன் செய்து வெளிப்பக்கம் ஒரு பிளேட்டும் ஸ்க்ரூக்களும், உள்பக்கம் இரண்டு நீள ஸ்க்ரூவும் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, இனி வரத் தேவையில்லை என்று சொல்லி கிளினிக்கை முடித்துவிட்டார்கள்.

ஆனால் வலி போகவில்லை. ரப்பர் பூட்ஸ் போட்டால் பிளேட் இருக்கும் இடத்தில் உரசி மாலைக்குள் சிவந்துவிடுகிறது. மேட்டில் ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போதுதான் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார். தை, மாசிப் பனியில் லயத்து வீட்டுச் சிமெண்டுத் தரையில் காலை வைக்கவே முடியாது. கடையில் டிக்ளோஃபெனாக் வலிக்குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போகிறார், ஏனென்றால் கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம்தான். திரும்பவும் டாக்டரிடம் கேட்டதற்கு "கம்பி வைத்தால் வலி இருக்கத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்கள். பணிய லயத்து ஆச்சி எடுத்தால்தான் சரியாகும் என்கிறார், சித்தப்பா எடுத்தால் எலும்பு திரும்ப உடையும் என்கிறார். எது சரி? எடுத்தால் எவ்வளவு நாள் வேலைக்குப் போக முடியாது?

பண்டாரவளை_அண்ணன்:

தங்கச்சி, எனக்கும் இதே கணுக்கால், வெளிப்பக்கப் பிளேட். நான் எடுத்துவிட்டேன். தோலுக்கு மேலேயே ஸ்க்ரூ தலையைத் தடவிப் பார்க்கலாம், சப்பாத்து விளிம்பு சரியாக அதன் மேல்தான் வந்து உட்காரும். எடுத்த பிறகு அந்தக் குத்தல் வலி போய்விட்டது, சப்பாத்துப் போடுகிறேன், பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறேன். ஆனால் மூட்டுக்குள் ஆழமாக ஒரு வலி இருந்தது, காலையில் எழுந்ததும் ஒரு இறுக்கம் இருந்தது, அது இரண்டும் இன்னும் இருக்கிறது. எடுக்கும் முன்பே டாக்டர் இதைச் சொன்னார், பிளேட்டால் வருகிற வலிதான் பிளேட்டோடு போகும், உடைந்தபோது மூட்டுக்கு உள்ளே ஏற்பட்ட சேதம் தங்கிவிடும் என்று. அதனால் அம்மாவை ஒரே ஒரு விரலால் வலிக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். விரல் பிளேட்டின் மேல் போய் நின்றால் ஒரு கதை, கணுக்காலைச் சுற்றிக் கையை வளைத்துக் காட்டினால் வேறு கதை.

உடையும் என்று சித்தப்பா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஸ்க்ரூ இருந்த துளைகள் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டை மாதிரி கொஞ்ச நாள் வெறுமையாக இருக்கும். எலும்பு அதை நிரப்பும்வரை குதிக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. நடப்பதற்குத் தடையில்லை, எனக்கு ஊன்றுகோல் சில நாள்தான். ஆனால் நான் கடையில் உட்கார்ந்து வேலை செய்கிறவன், அம்மா கூடையோடு சரிவில் நிற்கிறவர். லீவைக் கணக்குப் பார்க்கும்போது என்னை வைத்துப் பார்க்காதீர்கள்.

பதுளை_பிசியோ:

நான் பிசியோதெரபியில் வேலை செய்கிறேன். காலைப் பார்க்காமல் எடுங்கள், விடுங்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் "வலி இருக்கத்தான் செய்யும்" என்ற பதிலோடு நீங்கள் நின்றுவிடக் கூடாது. வலிக்குக் காரணம் பல இருக்கும். கணுக்காலில் எலும்புக்கு மேல் சதை கிடையாது, தோல்தான், அதனால் பிளேட்டோ ஸ்க்ரூ தலையோ தோலிலும் பக்கத்தில் ஓடும் தசைநாரிலும் உரசும். ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். சிலருக்கு கீழ்க்காலின் இரண்டு எலும்பையும் சேர்த்துக் குறுக்கே ஒரு ஸ்க்ரூ போடுவார்கள், நடக்கத் தொடங்கியதும் அது தளர்வதும் முறிவதும் உண்டு, முறிந்தும் வலியே இல்லாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். வெட்டுத் தழும்புக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு போகிறது, அது பாதிக்கப்பட்டால் பாதத்தின் மேல்பக்கம் எரியும், மரத்துப்போகும். மூட்டுக் குருத்தெலும்பு தேய்ந்திருந்தால் ஆழமான வலியும் இறுக்கமும் வரும். எலும்பு முழுதாகக் கூடாமலும் இருக்கலாம். ஆகவே புதிதாக ஒரு எக்ஸ்ரே வேண்டும், முடிந்தால் காலை ஊன்றி நின்றபடி எடுத்தது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். தழும்பு சூடாகிச் சிவந்து, சீழோ நீரோ கசிந்தால், காய்ச்சல் வந்தால், ஓய்வாக இருக்கும்போதும் புதிதாகக் கடுமையாக வலித்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிருமி பிளேட்டில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் கழித்தும் தலைதூக்கும். பூட்ஸ் உரசிச் சிவக்கிறது என்றீர்கள், தோல் உரிந்து புண்ணாக விடாதீர்கள், அந்த இடத்தில் புண் வந்தால் கிருமி உள்ளே போக அதிக தூரமில்லை. அம்மாவுக்கு சீனி வியாதி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இருந்தால் காயம் ஆறுவது தாமதமாகும்.

அப்புறம் டிக்ளோஃபெனாக். நாள்தோறும் போட்டுக்கொண்டு மலை ஏறுவது எனக்குப் பயமாக இருக்கிறது. வயிற்றில் புண் வரும், இரத்தம் கசியும், பிரஷர் ஏறும், சிறுநீரகம் கெடும், அதுவும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் இன்னும் மோசம். பரசிட்டமோல் அதைவிடப் பாதுகாப்பு, 500 மில்லிகிராம் குளிசை பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம், ஈரல் வியாதி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். இரண்டில் எதுவும் காரணத்தைத் தீர்க்காது.

இறங்கும்போது வலிக்கிறது என்றால் பாதத்தை மேல்நோக்கி மடக்க முடிகிறதா என்று பாருங்கள். சுவரில் கையை ஊன்றி, குதிகாலைத் தரையில் வைத்தபடி கெண்டைச் சதையை இழுத்துவிட வேண்டும், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் பழக வேண்டும். எண்ணெய் போட்டு மெதுவாகத் தடவலாம், பிளேட்டின் மேல் அழுத்தி நீவச் சொல்லாதீர்கள்.

மஸ்கெலியா_கணேஷ்:

எனக்குப் பிளேட் இல்லை, கீழ்க்கால் எலும்புக்குள் முழங்காலிலிருந்து இறக்கிய ராடு. கோயிலில் முழந்தாளிட முடியாது, முன்பக்கம் சுருக்கென்று குத்தும். எடுத்தாலும் அந்த முழங்கால் வலி போகும் என்று உறுதியில்லை என்றார்கள், அதனால் விட்டுவிட்டேன். அதற்காக எல்லோரும் விட வேண்டும் என்று சொல்லவில்லை. வலி வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால், அது பிளேட்டால்தான் என்று தெரிந்தால், எடுப்பதுதான் நியாயம். எலும்பு கூடியபின் உள்ளேயே விடுவது நம் ஆஸ்பத்திரிகளில் வழக்கம், ஒரு தொந்தரவும் இல்லாமல் ஆயுள் முழுக்க வைத்திருப்பவர்கள் ஏராளம்.

இப்போதைக்குச் சில உதவிகள். பூட்ஸுக்குள் முழங்கால்வரை கம்பளிக் காலுறை, பிளேட் இருக்கும் இடத்தைச் சுற்றி நடுவில் ஓட்டை வெட்டிய ஸ்பொஞ்ச், பிளேட்டின் மேல் அல்ல, சுற்றித்தான். இறங்கும்போது தடி. செங்குத்து மலையை விட்டுச் சமமான மலையில் நிற்க வைக்கச் சொல்லிக் கங்காணியிடம் டாக்டர் துண்டோடு கேளுங்கள், வெறும் வாயால் கேட்டால் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்று, வேலை நேரத்தில் விழுந்ததாயிற்றே, 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஏதாவது கேட்டீர்களா? அதற்குக் காலக்கெடு உண்டு. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடமோ தொழில் அலுவலகத்திலோ இந்த வாரமே கேளுங்கள்.

தலவாக்கலை_மகள்:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன், விரலை நேரே வெளிப்பக்கம் மூன்றாவது ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் வைத்தார், அழுத்தினால் கண் கலங்குகிறார். உள்பக்கம் வலியே இல்லையாம். பாதம் மரக்கவும் இல்லை. நட்டஈடு பற்றி யாரும் எங்களிடம் சொல்லவே இல்லை, தலைவரைப் பார்க்கப் போகிறேன். டாக்டரிடம் என்ன கொண்டுபோக வேண்டும்?

பதுளை_பிசியோ:

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிளேட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், மற்றதை எக்ஸ்ரே சொல்லட்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்கி எலும்பு கிளினிக்குக்குப் போங்கள். ஒபரேஷன் செய்த இடத்தில் வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்டையும் பழைய எக்ஸ்ரேக்களையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். எந்த வகைப் பிளேட், எந்த வகை ஸ்க்ரூ என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அதற்குப் பொருந்தும் கருவியைத் தயாராக வைப்பார்கள், இல்லாவிட்டால் உள்ளே ஸ்க்ரூ தலை தேய்ந்துபோய் நீண்ட ஒபரேஷனாகிவிடும். எடுத்த பிறகு கூடை தூக்க எவ்வளவு நாள் ஆகும், லீவுத் துண்டு எத்தனை வாரத்துக்குத் தருவீர்கள் என்று அங்கேயே நேரடியாகக் கேளுங்கள். கணக்கு, திகதி எல்லாம் அவர் வாயால் சொல்லட்டும், அதை வைத்து மழைக்காலத்துக்கு முன்பா பின்பா என்று முடிவெடுங்கள்.