பிரிட்ஜ் இல்லை, மிக்ஸி இல்லை, ஒரே ஒரு இண்டக்ஷன் அடுப்பு: மூணு பேருக்கு நம்ம ஊர்ச் சாப்பாடு செய்ய வழி சொல்லுங்க

கழனிவாசல் மாணவன்:

காரைக்குடி கழனிவாசல் பக்கம் மூணு பேர் சேர்ந்து அறை எடுத்திருக்கோம். அழகப்பா பல்கலைக்கழகத்துல முதுகலை முதல் வருஷம். மூணு வேளையும் கடையில சாப்பிட்டா கட்டுப்படியாகாது, அதனால காலையும் ராத்திரியும் அறையிலேயே சமைக்கலாம்னு முடிவு. காலையில வடிக்கிற சோத்தையே மதியத்துக்குக் கட்டிக்கிட்டுப் போயிடுவோம். கையில இருக்கிறது 2000 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்பு, 3 லிட்டர் குக்கர், ஒரு கடாய். காலையில 8.45-க்குக் கிளம்பணும். சமையலுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நேரம் இருக்கு.

நூடுல்ஸ், பிரெட் ஆம்லெட் வேண்டாம். சோறும் குழம்பும் வேணும். வெளியில வெச்சே ரெண்டு நாள் தாங்குற குழம்பு எது? அரைக்காம என்னென்ன செய்யலாம்? அரிசி பருப்பு மாசத்துக்கு எவ்வளவு வாங்கணும்? இன்னொண்ணு, குக்கர்ல மூணு டம்ளர் அரிசி வெச்சா கஞ்சி விசில் வழியா பொங்கி அடுப்பெல்லாம் வழியுது. சோறும் குழைஞ்சுடுது. எங்கே தப்பு?

செக்காலை எலக்ட்ரீஷியன்:

சமையல் இருக்கட்டும் தம்பி, முதல்ல அறையில இருக்கிற சாக்கெட்டைப் பாருங்க. சின்ன துளை சாக்கெட்னா அது 6 ஆம்பியர். 230 வோல்ட்ல கணக்குப் போட்டா 1380 வாட்ஸ்தான் அது தாங்கும். உங்க அடுப்பை 2000-ல ஓட்டினா கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன சாக்கெட்ல அடாப்டர் பின் மாட்டியோ, எக்ஸ்டென்ஷன் பெட்டியில சொருகியோ ஓட்டினா பின் சூடாகி பிளாஸ்டிக் உருகும். வீட்டுக்காரர்கிட்ட சொல்லி தனி வயர் இழுத்து 16 ஆம்பியர் சாக்கெட் போட்டுக்குங்க. அதுவரைக்கும் 1200-க்கு மேல ஏத்தாதீங்க, அதே லைன்ல வாட்டர் ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் ஓடக்கூடாது.

கடாய் அடியில காந்தம் வெச்சுப் பாருங்க. ஒட்டலைன்னா இண்டக்ஷன்ல சூடே ஏறாது. ஒட்டினாலும் அடி உருண்டையா இருந்தா நடுவுல மட்டும் கருகும். தட்டை அடி உள்ளதா வாங்குங்க.

கானாடுகாத்தான் ஆச்சி:

சோத்துல இருந்து ஆரம்பிக்கிறேன் தம்பி. 3 லிட்டர் குக்கர்ல அரிசியும் தண்ணியும் சேர்ந்து பாதிக்கு மேல போகக் கூடாது. அரிசி வேகும்போது நுரை கட்டும், அந்த நுரைக்கு இடம் இல்லைன்னாதான் விசில் வழியா வரும். உங்க குக்கருக்கு 200 மி.லி. டம்ளர்ல ரெண்டு டம்ளர் அரிசிதான் அளவு. மூணு பேருக்கு ஒரு வேளைக்கு அது போதும். மதியச் சோறும் வேணும்னா காலையில ரெண்டு தடவையா வடிங்க, மூணு டம்ளரைத் திணிக்காதீங்க. புழுங்கல் அரிசின்னா எழுந்ததும் கழுவி ஊறப் போட்டுட்டுக் குளிக்கப் போங்க, அரை மணி நேரம் ஊறணும். டம்ளருக்கு மூணு டம்ளர் தண்ணி. முதல் விசில் வரைக்கும் 1200-ல வெச்சு, அப்புறம் 600-க்குக் குறைச்சு பத்து நிமிஷம். அணைச்சதும் விசிலைத் தூக்கி ஆவியைப் பிடுங்கி விடாதீங்க, தானா அடங்கணும். பிடுங்கினா மேலே வெடிச்சும் அடியில குழைஞ்சும் போகும். பச்சரிசின்னா ரெண்டரை டம்ளர் தண்ணி, சின்னத் தீயில அஞ்சு நிமிஷம் போதும்.

இப்போ குழம்பு. பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்குப் பூண்டுக் குழம்பை விட நல்லது கிடையாது. புளி, எண்ணெய், உப்பு மூணும் தூக்கலா இருக்கும், தண்ணி சுண்டியிருக்கும், தேங்காய் இருக்காது. அதனாலதான் தாங்குது. செட்டிநாட்டுச் சமையல்னாலே கறியும் பத்து வகை மசாலாவும்னு வெளியூர்ல நினைக்கிறாங்க. இங்கே வீட்டுல தினம் கொதிக்கிறது புளிக்குழம்பும், அரிசி களைஞ்ச தண்ணியில வைக்கிற மண்டியும்தான். ரெண்டும் செலவில்லாதது.

நாலஞ்சு வேளைக்கு அளவு சொல்றேன். பூண்டு 150 கிராம் உரிச்சது, சின்ன வெங்காயம் 200 கிராம், தக்காளி 3, புளி 50 கிராம், நல்லெண்ணெய் 100 மி.லி., குழம்பு மிளகாய்த்தூள் 3 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், கல்லுப்பு ரெண்டரை டீஸ்பூன், நெல்லிக்காய் அளவு வெல்லம். தாளிக்க கடுகு, அரை டீஸ்பூன் வெந்தயம், ஒரு டீஸ்பூன் சோம்பு, கறிவேப்பிலை.

புளியை மூணு டம்ளர் வெந்நீர்ல ஊற வெச்சுக் கரைச்சு வடிகட்டிக்குங்க. கடாயில எண்ணெயை 800-ல காய வெச்சு கடுகு வெடிச்சதும் வெந்தயம் போடுங்க. இங்கேதான் நிறைய பேருக்குக் கெட்டுப் போகுது. வெந்தயம் பொன்னிறம் தாண்டிச் சிவந்துட்டா குழம்பு முழுக்கக் கசக்கும், அப்புறம் எவ்வளவு வெல்லம் போட்டாலும் தீராது. இண்டக்ஷன்ல சூடு சட்டுனு ஏறும், அதனால வெங்காயத்தைக் கையில வெச்சுக்கிட்டே வெந்தயத்தைப் போடுங்க. நிறம் மாறின உடனே சோம்பு, கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு எல்லாத்தையும் போட்டா சூடு இறங்கிடும். பூண்டுல ஆங்காங்கே பழுப்புப் புள்ளி விழுற வரைக்கும் ஏழெட்டு நிமிஷம் வதக்குங்க. அப்புறம் தக்காளி, உப்பு. தக்காளி கரைஞ்சதும் அடுப்பை அணைச்சுட்டு மிளகாய்த்தூளையும் மஞ்சளையும் போட்டுப் பிரட்டுங்க. கடாய்ச் சூடே போதும், அடுப்பு எரியும்போது போட்டா தூள் தீய்ஞ்சு நெடி கிளம்பும். புளித்தண்ணி ஊத்தி மூடாம கொதிக்க விடுங்க. பாதியாச் சுண்டி எண்ணெய் ஓரத்துல ஒதுங்கி நிக்கணும். அரை மணி நேரம் ஆகும். எண்ணெய் பிரியறதுக்கு முன்னாடி இறக்கினா புளியோட பச்சை வாசனையும் போகாது, குழம்பும் மறுநாளே நுரைச்சுடும். கடைசியில வெல்லம்.

ஞாயிறு ராத்திரி வெச்சா செவ்வாய் ராத்திரிக்குள்ள தீர்த்துடுங்க. காலையும் மாலையும் ஒரு தரம் தளதளன்னு கொதிக்க வைங்க. ஈரக் கரண்டியோ சோறு ஒட்டின கரண்டியோ உள்ளே போகக் கூடாது. அலுமினியப் பாத்திரத்துல வைக்காதீங்க, புளி அதை அரிக்கும். எவர்சில்வர் தூக்குல ஊத்தி வைங்க.

சிவகங்கைச் சமையல்:

வெங்காயம் ஒரு கிலோ, தக்காளி ஒரு கிலோ, இஞ்சி பூண்டு சேர்த்து ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையா வதக்கி வெச்சுட்டா வாரம் முழுக்க எந்தக் குழம்புக்கும் அதையே எடுத்துப் போடலாமே? நேரமும் மிச்சம்.

தேவகோட்டை கேட்டரிங்:

அது பிரிட்ஜ் உள்ள வீட்டுக்கு. வெங்காய மசாலாவுல ஈரம் அதிகம், புளிப்பு குறைவு. நம்ம ஊர் வெயில்ல வெளியில இருந்தா மறுநாளே புளிச்சு வாடை வரும். அறையில செய்ய வேண்டாம் தம்பி.

இதை விட முக்கியமா சோத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும், மாணவர்கள் அறையில வயிறு கெடுறதுக்கு இதுவும் ஒரு காரணம். அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியாவோட வித்துகள் இருக்கும். குக்கர்ல வெந்தாலும் அதுல கொஞ்சம் பிழைச்சிருக்கும். சோத்தைச் சூடா மூடி மணிக்கணக்கா வெளியில வெச்சா அது முளைச்சுப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. அதனால காலையில வடிச்ச சோத்தை ராத்திரி வரைக்கும் வெச்சுச் சாப்பிடாதீங்க. ராத்திரிக்குத் தனியா வடிங்க.

மதியத்துக்குக் கட்டிக்கிட்டுப் போற சோத்துல வெறும் சோறும் சாம்பாரும் வேண்டாம். சூடான சோத்தைத் தட்டுல பரப்பி ஆவி போனதும் பூண்டுக் குழம்பும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைஞ்சு டப்பாவுல அடைங்க. புளிப்பு இருக்கிறதால ஒரு மணி வரைக்கும் நல்லா இருக்கும். ராத்திரி மிஞ்சின சோத்தையும் சுத்தமான பாத்திரத்துல பரப்பி ஆற விட்டு, அன்னைக்கே, மூழ்குற அளவு தண்ணி ஊத்தி வைங்க. காலையில மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுச் சாப்பிடலாம். நூல் நூலா இழுத்தாலோ வாடை மாறியிருந்தாலோ யோசிக்காம கொட்டிடுங்க.

புதுவயல்காரி:

அரிசிக் கணக்கு: நாளைக்கு நாலு டம்ளர்னா சுமார் 670 கிராம், மாசத்துக்கு 20 கிலோ. மதியத்துக்கும் சேர்த்து ஆறு டம்ளர் வடிச்சா 30 கிலோ. சில்லறையா வாங்காம மூட்டையா வாங்குங்க, காரைக்குடிக்குப் பக்கத்துலயே புதுவயல்ல அரிசி ஆலைகள் இருக்கு. 26 கிலோ மூட்டைன்னு கேளுங்க. 2022 ஜூலையில இருந்து 25 கிலோ வரைக்கும் உள்ள பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்துச்சு, அதுக்கு மேல உள்ள மூட்டைக்கு இல்லை. அதனால வந்ததுதான் இந்த 26. மூட்டையைத் தரையில வைக்காம பலகை மேல வெச்சு, உள்ளே நாலஞ்சு காய்ந்த மிளகாய் போட்டு வாயைக் கட்டுங்க. துவரம்பருப்பு ரெண்டு கிலோ, புளி ஒரு கிலோ வாங்கினா மூணு பேருக்கு மாசம் ஓடிடும். காய்கறிக்குச் சந்தை கலையற நேரம் போங்க, கூறு கட்டி வெச்சிருக்கிறதை விலை குறைச்சுத் தள்ளி விடுவாங்க.

அரைக்காம செய்யறதுக்கு வெண்டைக்காய் மண்டி. அரிசி கழுவுற முதல் தண்ணியைக் கொட்டிடுங்க, அதுல தூசி இருக்கும். ரெண்டாவது தண்ணியில நல்லா அழுத்திக் களைஞ்சு ரெண்டு டம்ளர் எடுத்து வைங்க. பருப்பும் தேங்காயும் இல்லாமலே குழம்புக்குக் கெட்டி தர்றது அதுதான். வெண்டைக்காய் கால் கிலோவைக் கழுவித் துணியில துடைச்சு, ஈரம் போன பிறகு ஒரு அங்குலமா வெட்டுங்க. ஈரத்தோட வெட்டினா கொழகொழப்பு விடவே விடாது. ரெண்டு மேசைக்கரண்டி எண்ணெயில கடுகு, நாலு வரமிளகாய், பத்து சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு வதக்கி வெண்டைக்காயைப் போட்டு, நூல் இழுக்கிறது நிக்கிற வரைக்கும் மூடாம வதக்கணும். உப்பைக் கடைசியில போடுங்க. சின்ன எலுமிச்சை அளவு புளியை மண்டித் தண்ணியிலேயே கரைச்சு ஊத்தி, பத்து நிமிஷம் கொதிச்சா கரண்டியில ஒட்டுற பதம் வரும். ஊற வெச்சு வேக வெச்ச மொச்சை ஒரு கை போட்டா வயிறும் நிறையும். இது அன்னைக்கே தீரணும், அரிசி களைஞ்ச தண்ணி இருக்கிறதால மறுநாளுக்குத் தாங்காது.

ராத்திரி இட்லி தோசைன்னா தொட்டுக்கக் கத்திரிக்காய்க் கோசுமல்லி. நாலு கத்திரிக்காயை ரெண்டாப் பிளந்து குக்கர்ல அரை டம்ளர் தண்ணியில ரெண்டு விசில், தோலை உரிச்சுக் கையால மசிச்சுக்குங்க. வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி தாளிச்சு மசிச்சதைப் போட்டு, நீர்க்கப் புளித்தண்ணி ஒரு டம்ளர் ஊத்தி அஞ்சு நிமிஷம். மிக்ஸியே வேண்டாம்.

கழனிவாசல் மாணவன்:

எல்லாருக்கும் நன்றி. சாக்கெட் சின்னதுதான், வீட்டுக்காரர்கிட்ட இன்னைக்கே பேசறேன். ஆச்சி, ரெண்டு சந்தேகம். குழம்பு மிளகாய்த்தூள் கடையில வாங்கறதா, அரைச்சு வெச்சுக்கறதா? அப்புறம் செவ்வாய்க்கிழமை குழம்பு அடியில கொஞ்சம்தான் இருக்கும், மூணு பேருக்குப் பத்தாது. கடை இட்லி மாவும் சாயங்காலத்துக்குள்ள பொங்கிடுது.

கானாடுகாத்தான் ஆச்சி:

தூளை மில்லுல அரைச்சுக்குங்க தம்பி, மூணு பேருக்கு ரெண்டு மூணு மாசம் வரும். வரமிளகாய் கால் கிலோ, மல்லி அரை கிலோ, சீரகம், சோம்பு, மிளகு ஒவ்வொண்ணும் 50 கிராம், வெந்தயம் ஒரு டீஸ்பூன், விரலி மஞ்சள் நாலு துண்டு. மொட்டை மாடி வெயில்ல ஒரு நாள் மொறுமொறுன்னு காயணும். மில்லுல இருந்து வந்த தூள் கொதிச்சுக்கிட்டு இருக்கும், அப்படியே டப்பாவுல அடைச்சா மூடியில வேர்த்துக் கட்டி தட்டிடும். காகிதத்துல பரப்பி நல்லா ஆறினதும் அடைங்க.

செவ்வாய்க்கிழமைக் குழம்புல ஒண்ணரை டம்ளர் தண்ணியும் அரை டீஸ்பூன் தூளும் கொஞ்சம் உப்பும் சேர்த்துக் கொதிக்க விடுங்க. கொதிக்கும்போது ஆறு முட்டையை ஒவ்வொண்ணா கிண்ணத்துல உடைச்சுப் பார்த்துட்டு, இடம் விட்டு ஊத்துங்க. 600-க்குக் குறைச்சு மூடி வெச்சு அஞ்சு நிமிஷம், அதுவரைக்கும் கரண்டி போடக் கூடாது, போட்டா வெள்ளைக்கரு கலைஞ்சு குழம்பு கலங்கிடும். அப்புறம் முட்டையை மெதுவாத் திருப்பி விட்டு இன்னும் ரெண்டு நிமிஷம்.

மாவு அன்னன்னைக்கு வேணுங்கிற அளவு மட்டும் வாங்குங்க. வாங்கினதும் அகலமான தட்டுல தண்ணி ஊத்தி அதுக்குள்ள பாத்திரத்தை வெச்சா பொங்குறது கொஞ்சம் தள்ளிப் போகும். புளிச்சுட்டா வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை பொடியா நறுக்கிப் போட்டுத் தடியா ஊத்தப்பம் ஊத்திக்குங்க. பணியாரமா ஊத்தினா இன்னும் நல்லா இருக்கும், ஆனா பணியாரக் கல்லுக்கு அடியில குழி குழியா இருக்கிறதால உங்க அடுப்புல சரியாச் சூடேறாது. அடி தட்டையா வர்ற கல் பாத்திரக் கடையில கேட்டுப் பாருங்க, காந்தம் ஒண்ணைக் கையோட எடுத்துட்டுப் போங்க.